பேச்சிமுத்து அண்ணாச்சியின் வெல்டிங்கும் எங்கள் ரிசீவரும்

சால்டரிங் முனையில் ஈயமும் ரெசினும் சேர்ந்து உருகும்போது ஒரு வாசனை வருமே... அது மூக்கில் ஏறினால்தான் எனக்கு அன்றைய வேலை தொடங்கும். கங்கைகொண்டான் தொழிற்பேட்டை பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன கம்பெனி. என் முதல் வேலை. முதலாளியை விட்டால் நானும், என்கூடப் படித்த மேலப்பாளையம் காஜாவும்தான் மொத்த இன்ஜினியரிங் டிபார்ட்மென்ட்.

வயலில் இருக்கும் மோட்டாரை வீட்டிலிருந்தே போடவும் அணைக்கவும் ஒரு வயர்லெஸ் பெட்டி செய்துகொண்டிருந்தோம். சீவலப்பேரிக்காரர் ஒருவர் முதல் பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தார். பத்தடியில் நின்று பட்டனை அமுக்கினால் பெட்டி சமர்த்தாகக் கேட்கும். தெருக்கோடிக்குப் போய் அமுக்கினால் செவிடு. தூரத்திலிருந்து வரும் மெல்லிய சிக்னலை ஏதோ ஓர் இரைச்சல் மூடிவிடுகிறது.

எங்கிருந்து வருகிறது அது?

பக்கத்து ஷெட் பேச்சிமுத்து அண்ணாச்சியின் வெல்டிங் பட்டறை. நாள் முழுக்கப் பொறி பறக்கும். "வேற என்ன சார், வெல்டிங்தான்" என்று முதலாளியிடம் அடித்துச் சொன்னவள் நான்.

முதலாளி போய்க் கேட்டார். அண்ணாச்சி உடனே சரி என்றுவிட்டார்.

"பிள்ளைய ரெண்டு பேரும் என்னமோ கண்டுபிடிக்காவ... நம்மளால கெட வேண்டாம். பகல்ல வெல்டிங் போடல, போதுமா?"

காலை எட்டு மணிக்குள் முடிந்ததைச் செய்துவிட்டு, மீதி நேரம் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார். அப்போது அவர் கையில் ஒரு புது வீட்டுக் கேட் இருந்தது. பால்காய்ப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது.

வெல்டிங் நின்றது. இரைச்சல் நிற்கவில்லை...

அன்றைக்கே அவரிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். வீம்பு விடவில்லை. "லேத் ஓடுது சார், கம்ப்ரஸர் ஓடுது சார், எல்லாம் சேர்ந்து வருது. மாசாந்திரப் பராமரிப்புக்கு கரண்ட் நிறுத்துவாங்கல்ல, அன்னைக்குப் பார்த்துருவோம். அதுவரைக்கும் அண்ணாச்சியும் நிறுத்தியே வைக்கட்டும்" என்றேன். இடையில் அந்தப் புது வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டு, பாதி முடிந்த கேட்டை வண்டியில் ஏற்றி தச்சநல்லூர்ப் பட்டறைக்குக் கொண்டுபோனார். அண்ணாச்சி மறுபடி கம்பி அறுக்க உட்கார்ந்தார்.

பராமரிப்பு நாள் வந்தது. ஒன்பது மணிக்கு கரண்ட் போனது. லேத் இல்லை, ஃபேன் இல்லை, ஒன்றும் இல்லை. பெட்டிக்குள் இருக்கும் ரிசீவரை பேட்டரியில் போட்டு, சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும், பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்கோப்பை மாட்டினோம்.

திரையில் அதே இரைச்சல். ஊசி ஊசியாக.

காஜா என்னைப் பார்த்தான். "ஏ பிள்ள, இங்கன இப்ப ஓடுதது நம்ம பெட்டி மட்டுந்தான்..."

நான் ஆன்டெனாவைக் கழற்றினேன். வெளியிலிருந்து எதுவும் உள்ளே வர வழியில்லை. அப்போதும் ஊசிகள் அசையாமல் நின்றன. வெட்கமாக இருந்தது. ஆனால், உண்மையைச் சொன்னால், அதைவிட ஆவலாக இருந்தது!

எங்கள் ரிசீவரில் ஒரு சுவிட்ச் ஐசி. சிக்னலை நொடிக்குப் பல லட்சம் தடவை தொட்டுத் தொட்டு எடுத்து ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் பிடித்து வைப்பது அதன் வேலை. ஸ்கோப்பில் பொருத்திப் பார்த்தால், அந்த சுவிட்ச் அணையும் கணத்தில்தான் ஒவ்வோர் ஊசியும் எழுகிறது. சீவலப்பேரி டவுன் பஸ்ஸில் கதவைச் சாத்தும்போது படியில் நிற்கிற கூட்டம் பாதி உள்ளே விழும், பாதி வெளியே விழும் இல்லையா? அந்த மாதிரி, சுவிட்சுக்குள் நிற்கும் மின்னூட்டம் அது அணையும்போது சிக்னல் மேலேயே போய் விழுகிறது.

ஐசிக்குள் நாலு சுவிட்ச். அதில் இரண்டு சும்மாதான் கிடந்தன. கரண்ட் வந்ததும் அதில் ஒன்றை, முதல் சுவிட்ச் அணையும்போது ஆன் ஆகிற மாதிரி எதிராக ஓட்டினோம். இது தள்ளுகிற மின்னூட்டத்தை அது வாங்கிக்கொள்ளட்டும் என்று. அளவு ஒத்துவர ஒரு ட்ரிம்மர் வைத்து, பிளாஸ்டிக் திருப்புளியால் காஜா திருகத் திருக... ஊசிகள் அப்படியே அமுங்கின. மறுநாள் தெருக்கோடியைத் தாண்டி, வாய்க்கால் வரைக்கும் போய் அமுக்கினோம். கேட்டது!

முதலாளிக்கு சந்தோஷம். எனக்கோ அந்தக் கேட் ஞாபகம்.

அண்ணாச்சியிடம் போனேன். "உங்க வெல்டிங் இல்ல அண்ணாச்சி. எங்க பெட்டியோட சத்தந்தான். நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"காட்டு, பாப்போம்."

காட்டினோம். திருப்புளியை அவரே வாங்கி ட்ரிம்மரைப் பைய திருகினார். ஊசி எழுவதையும் அமுங்குவதையும் நாலைந்து தடவை பார்த்தார்.

"சரி, இது ஒங்க சத்தம். அப்ப எஞ் சத்தம் எங்க?"

எங்களுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது. அவர் போய் ஒரு கம்பியில் வெல்டிங் போட்டார். நடுநடுவே காஜா "போடுங்க அண்ணாச்சி" என்று கத்தினான். ஆன்டெனாவை மாட்டித்தான் வைத்திருந்தோம். திரையின் அடியில் லேசாக ஒரு நடுக்கம், அவ்வளவுதான். அவர் திரும்பி வந்து குனிந்து பார்த்தார்.

"இம்புட்டுதானா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்து, மெதுவாக, "இதுக்காம்மா எங் கேட்டு தச்சநல்லூருக்குப் போச்சு?" என்றார்.

அழுதுவிட்டேன். அவர் போய் முகமூடியை மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

இப்போது பெங்களூரில் இருக்கிறேன். அந்தச் சுவிட்ச், அதற்கு எதிராக ஓடும் சுவிட்ச் எல்லாம் அரிசியளவு சிப்புக்குள்ளேயே வந்துவிடுகின்றன. யார் வரைந்தது என்றுகூடத் தெரியாது. தப்பு மட்டும் இன்னும் எங்களுக்கு நடக்கிறது. நடந்தால், "சாரி, பிரச்சினை எங்கள் பக்கம்தான்" என்று குரூப்பில் ஒரு வரி போடுகிறேன். கட்டைவிரல் நாலு வருகிறது.

இந்தத் தடவை யாருடைய கேட் எங்கே போனது என்று மட்டும் எனக்குத் தெரிவதே இல்லை.