மலரோடு வரும் மர யானை

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார்கள். எழுதுகிறேன். ஆனால் அண்ணன் மேல் எனக்கிருந்த பொறாமையை மறைத்து எழுதினால், தெரிந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது வடகரையில். அப்பா தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த வருடம், படிப்பை நிறுத்திவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். வீட்டுப் பாரம் அவர் தோளுக்குப் போனதால்தான் நான் தென்காசியில் ஒரு மரப்பட்டறையில் நிம்மதியாக வேலை பழக முடிந்தது. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அவர் பனியிலும் வெயிலிலும் பணி முடித்துத் திரும்பியபோது எனக்குச் சொந்தப் பட்டறை இருந்தது. எங்கள் வீட்டில் மர வேலை தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அது நீடிக்கவில்லை. ஓய்வுக்குப் பிறகு அண்ணனும் தென்காசியிலேயே குடியேறி, ஒரு ஸ்க்ரோல் சா மெஷின் வாங்கினார். அதில் நூல் கனத்துக்கு ஒரு பிளேடு மேலும் கீழும் ஓடும். பலகையைக் கையால் திருப்பிக் கொடுத்தால் எந்த வளைவையும் அறுக்கும். செங்கோட்டை மர டிப்போவில் ஒதுக்கிப் போட்ட துண்டுகளைக் கொண்டுவந்து மயில், ஆமை, ரயில் என்று அறுக்கத் தொடங்கினார். ஓரத்தில் ஒரு பிசிறு இருக்காது; உப்புத்தாள் போட்டு இழைத்த பிறகு பொம்மையைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். பிள்ளைகள் வாயில் வைக்கிற பொருள் என்று பெயின்டும் அடிக்க மாட்டார்.

ஒரு சீசனில் ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தேன். தெரிந்த கடையில் அண்ணனின் பொம்மைகளைச் சுற்றி ஈரத்தலையோடு ஒரே கூட்டம். "யாரு செஞ்சது?" என்று ஓர் அம்மா கேட்டார். "நம்ம தென்காசி மிலிட்டரி அண்ணாச்சிதான். என்னமா செய்தாரு பாருங்க!" என்றார் கடைக்காரர். அந்தப் பொம்மைகள் வைத்திருந்த மரத்தட்டு நான் அடித்தது. கடைக் கதவும் நான் செய்தது. அதை யார் செய்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் அண்ணன் இல்லாத நேரம் பார்த்து அந்த மெஷினில் உட்கார்ந்தேன். புது பிளேடு மாட்டி ஓடவிட்டால் பலகை துள்ளுகிறது, தடதடக்கிறது. மெஷினே சரியில்லை, மட்ட ரகம் என்று பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன். அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏலே, பிளேடு பல்லு கீழ பாக்கணும்லே. நீ மேல பாக்குற மாதிரி மாட்டியிருக்க."

அவ்வளவுதான் சொன்னார். மதினியிடம்கூடச் சொல்லவில்லை. யாரையும் தலைகுனிய வைக்காத அந்தக் குணம் எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கு அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. பத்துப் பேர் முன்னால் சிரித்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசி ஆறியிருப்பேன்.

கடைசியில் நெஞ்சுச் சளி முற்றி அண்ணன் கட்டிலோடு ஆனார். மெஷினில் உட்கார முடியாது. பலகைகளை மடியில் வைத்துப் பென்சிலால் உள்ளங்கை அளவில் யானை யானையாக வரைந்தார்.

"என்ன வந்து பாத்த வீட்டுக்கெல்லாம் ஒண்ணு குடுக்கணும்லே. நீ அறுத்துக் குடுத்துரு" என்றார்.

"இப்ப வேண்டாம்ணே, சத்தம் உங்களுக்கு ஆகாது" என்றேன்.

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அதையே சொன்னேன். சத்தம் ஒரு சாக்கு. அறுப்பது நான், பேர் அவருக்கா என்பதுதான் என் மனதில் இருந்தது. நாலாவது முறை அவர் கேட்கவில்லை. பலகைகள் கட்டிலுக்கு அடியில் அப்படியே இருந்தன.

அண்ணனை முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், மெஷின் சத்தத்தை இத்தனை வருடம் பொறுத்துக்கொண்ட அடுத்த வீட்டாருக்கும், மரத்துண்டு எடுத்து வைத்த டிப்போக்காரருக்கும், ஐந்தருவிக் கடைக்காரருக்கும், துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரோடு உங்கள் கையில் ஒரு யானை தந்திருக்கிறோம். அண்ணாச்சி கைவேலை என்று யாரும் மெச்ச வேண்டாம். பிளேடின் பல்லு கீழே பார்க்கும்படி மாட்டி, போன மாதம் முழுக்க உட்கார்ந்து அறுத்தவன் நான். கோடு மட்டும்தான் அண்ணன் போட்டது. அவர் கேட்ட அன்றே அறுத்திருந்தால், முதல் யானையை அவர் கன்னத்தில் தேய்த்துப் பார்த்திருப்பார்.