தலைப்பிரட்டை வகுப்பில் ஒரு ரயில் ஓட்டுநர்

"உள் டயப்பர், சரி!"

ஷிகேமட்சுவின் வலது கை ஆள்காட்டி விரல் நீள்கிறது. "வெளி டயப்பர், சரி! தொடை எலாஸ்டிக், இடது சரி, வலது சரி!" விரல் கடைசியாகப் பத்து மாதக் குழந்தை மினோரியின் தொப்புளுக்கு அரை அங்குலம் தள்ளி வந்து நிற்கிறது. "பயணி, சரி!" பயணி அந்த விரலைப் பிடித்து வாய்க்குள் வைத்துக்கொள்கிறாள்.

குருமே நகரத்தின் ஒரு சின்ன நீச்சல் பள்ளியில், உடை மாற்றும் அறையில், சனிக்கிழமைதோறும் காலை பத்தே காலுக்கு இது நடக்கும். ஆண்கள் பக்கம் அந்த நேரத்தில் வேறு யாருமே இருக்க மாட்டார்கள். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் பத்துத் தாய்மார்களும் பத்துப் பிள்ளைகளும். அவர்கள் யாரும் கடிகாரம் பார்ப்பதில்லை. "அவரு 'பயணி, சரி'க்கே வந்துட்டாரு, நீ இன்னும் சாக்ஸையே கழட்டல," என்று ஒருத்தி இன்னொருத்தியை விரட்டுவது சுவர் தாண்டிக் கேட்கும்.

ஷிகேமட்சு ரயில் ஓட்டுநர். இரண்டே பெட்டி கொண்ட உள்ளூர் ரயிலைப் பதினாலு வருஷமாக ஓட்டுகிறார். சிக்னலைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, விரலை நீட்டி வாய்விட்டுச் சொன்னால்தான் பார்த்ததாக அர்த்தம் என்பது அந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம். மற்ற ஓட்டுநர்கள் சீருடையோடு அந்த விரலையும் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். இவர் கையோடு கொண்டுவந்துவிடுவார். காஸ் அடுப்பு, வாசல் பூட்டு, மிசோ சூப்பில் உப்பு, எல்லாவற்றுக்கும் விரல் நீளும். கல்யாணத்தன்று மணப்பெண்ணான தன்னையே தலையிலிருந்து கால்வரை விரல் நீட்டிச் சரிபார்த்த மனுஷன் என்று மனைவி சயாகா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

சயாகாவுக்கு அழகு நிலையத்தில் வேலை. சனிக்கிழமை என்றால் அவளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் மகளை நீச்சலுக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு இவர் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. சக ஓட்டுநர் குபோயாமாவிடம் புத்தாண்டு மூன்று நாள் விடுமுறையையும் தூக்கிக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சனிக்கிழமைக் காலைகளை அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். வாரம் முழுக்க மினோரி தூங்கும்போது போய், தூங்கியபின் வருகிறவர். சனிக்கிழமை அந்த அரை மணி நேரம் மட்டும் அவளுக்கு அவர், அவருக்கு அவள்.

குளத்தில் இறங்குமுன் குழந்தையின் உடல்சூட்டை ஒரு அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும். முப்பத்தேழரைக்கு மேல் போனால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தாய்மார்கள் வரிசையில் நின்றுகொண்டே, ஒருத்தி முதுகில் ஒருத்தி அட்டையை வைத்து, போன வாரம் எழுதிய எண்ணையே எழுதுவார்கள். ஷிகேமட்சுவின் அட்டையில் மட்டும் ஓரமெல்லாம் எழுத்து.

"ஒரு தடவை பாத்தா போதும் மினோரி அப்பா," என்பாள் ஹனாதா. இருபத்திநாலு வயசு டீச்சர். "நீங்க மூணு தடவ எழுதியிருக்கீங்க, மணி நிமிஷத்தோட."

"நடுவுல ஏறி இறங்கினது தெரியணும் பாருங்க."

"ஏறவே இல்லையே?"

"ஏறலைன்றது தெரியணும் இல்லையா?"

அந்த வகுப்பில் ஷிகேமட்சு என்ற பெயருக்கு மதிப்பில்லை. எல்லாருக்கும் அவர் மினோரி அப்பா. வகுப்பின் பெயர் தலைப்பிரட்டை வகுப்பு. பிள்ளைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வட்டமாக நின்று பாட வேண்டும், சுற்ற வேண்டும், குதிக்க வேண்டும். பத்துப் பெண்கள் பாடும்போது இவர் குரல் தனியாகக் கேட்கும். அவரால் பாட முடியாது. அறிவிப்புதான் செய்வார். "அடுத்து, இடப்பக்கமாகச் சுற்றுகிறோம். கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்ளவும்." பற்றிக்கொள்ள மினோரிக்குக் கிடைப்பது அவருடைய காது.

"இவ வாயத் திறந்து பேசற முதல் வார்த்தை அம்மாவும் இல்ல, அப்பாவும் இல்ல. 'கதவுகள் மூடப்படுகின்றன'ன்னுதான் சொல்லப்போறா," என்று இட்சுகி அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாள். அவள் புருஷனோடு சேர்ந்து பொரித்த கோழிக்கடை நடத்துகிறவள். வாயில் மிளகாய் எப்போதும் இருக்கும். முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான்.

"மினோரி அப்பா, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? நீங்க வந்து நாலு மாசமாச்சு. உங்க நீச்சல் தொப்பியில ஒரு சொட்டுத் தண்ணி பட்டு நான் பாத்ததே இல்ல."

"தொப்பிய நல்லா வெச்சுக்கறேன்."

"அலமாரியில வெச்சிட்டு வந்தீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்."

ஷிகேமட்சு தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். விஷயம் இதுதான்: அவருக்குத் தண்ணீரில் முகம் வைக்க வராது. நீச்சல் தெரியாது என்று சொல்லவில்லை. முகமே வைக்க வராது. பள்ளிக்கூடத்தில் முழுகத் தெரியாத பிள்ளைகளுக்குச் சிவப்புத் தொப்பி. மற்றவர்களெல்லாம் வெள்ளைக்கு மாறிப் போக, ஆறாம் வகுப்புவரை சிவப்பிலேயே இருந்தவர் இவர். வெள்ளம் தலைக்குமேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். ஷிகேமட்சுவின் கணக்கில் மூக்குக்கு மேல் ஒரு விரற்கடை போனாலே கதை முடிந்தது. தேனிலவுக்கு ஒகினாவா போய் மூன்று நாளும் கரையில் உட்கார்ந்து செருப்புக்குக் காவல் இருந்தார். சயாகாவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. எட்டு வருஷமாகச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

குட்டு வெளிப்பட்டது ஒரு அறிவிப்பினால். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை நீருக்கடியில் புகைப்படம் எடுப்பார்கள். பெற்றவரும் பிள்ளையும் சேர்ந்து முழுக வேண்டும். முழுக முடியாதவர்களுக்குப் பதிலாக டீச்சர் முழுகுவார். படித்த மாத்திரத்தில் சயாகா முடிவு செய்துவிட்டாள்.

"இந்த வருஷம் புத்தாண்டு கார்டுல இந்தப் படம்தான். நூத்தியிருவது பேருக்கும் இதேதான்."

நூற்றிருபது பேரில் ஸ்டேஷன் மாஸ்டர் உண்டு, குபோயாமா உண்டு, சயாகாவின் வாடிக்கையாளர்கள் உண்டு, இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் உண்டு. எல்லார் வீட்டு மேஜையிலும் மினோரி தண்ணீருக்குள் சிரிப்பாள், அவளைப் பிடித்துக்கொண்டு ஹனாதா டீச்சர் இருப்பாள். அந்தப் படத்தில் ஷிகேமட்சு இருந்தாக வேண்டும். மகளோடு தனக்கென்று இருக்கும் ஒரே இடம் அந்தக் குளம். அங்கேயும் வேறு ஆள் நிற்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியாது போலிருந்தது.

அன்று சாயங்காலம் குளியலறையிலிருந்து குரல் வந்தது. "வாய், சரி! மூக்கு, சரி!" பிறகு தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம். பிறகு இருமல். சயாகா கதவைத் திறந்தாள். முகம் கழுவும் பிளாஸ்டிக் பேசினுக்கு முன்னால் புருஷன் மண்டியிட்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"பயிற்சி."

"பேசின்லயா?"

"ஆரம்பப் பயிற்சி."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. "அப்ப ஒகினாவாவுல மூணு நாளும் என் செருப்புக்குக் காவல் இருந்தீங்களே!"

"அங்க காத்து ஜாஸ்தி. பறந்துடும்னு..."

சயாகா ஈரத்தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முடியலைன்னா விடுங்க," என்றாள். "டீச்சரே முங்கட்டும். கார்டு அடிக்கறப்ப அவங்கள வெட்டிடலாம்."

"வெட்டினா கை மட்டும் நிக்குமே."

"யாரு கைன்னு ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டா நீங்களே பதில் சொல்லிக்குங்க." அப்புறம் அவளுக்கே பாவமாகிவிட்டது. கால்சட்டையை மடித்து விட்டுக்கொண்டு பேசினுக்கு எதிரில் உட்கார்ந்தாள். "சரி, வைங்க மூஞ்சிய. நான் எண்ணறேன்."

மூன்று வாரத்தில் பேசினில் நாலு எண்ணிக்கைவரை வந்துவிட்டார்.

படம் எடுக்கும் நாள் வந்தது. புகைப்படக்காரர் முகமூடி மாட்டிக்கொண்டு குளத்தின் அடியில் காமிராவோடு உட்கார்ந்திருந்தார். "ஆளுக்கு ரெண்டு தடவதான்," என்று ஹனாதா கறாராகச் சொன்னாள். "அதுக்கு மேல குழந்தைங்களுக்கு ஆகாது." பத்துத் தாய்மார்களும் சளைக்காமல் முழுகி எழுந்தார்கள். இட்சுகி அம்மா தண்ணீருக்குள் இரண்டு விரலை விரித்துக் காட்டிச் சிரித்துவிட்டே வந்தாள். கடைசியில் நின்றவர் ஷிகேமட்சு.

"காமிரா, சரி! டீச்சர், சரி! பயணி, சரி! ஓட்டுநர்..." என்று இழுத்தார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றாள் ஹனாதா.

மினோரி போனாள். வந்தாள். கண்ணைக் கொட்டினாள். இதெல்லாம் ஒரு வேலையா என்கிற மாதிரி இருந்தது அவள் முகம். ஓட்டுநர் மட்டும் போகவே இல்லை. கை போயிற்று, தலை மேலேயே நின்றுவிட்டது. புகைப்படக்காரர் எழுந்து வந்து திரையைக் காட்டினார். பளிச்சென்று ஒரு குழந்தை, இரண்டு கை, ஒரு தொப்பை, கால்சட்டை நாடாவின் முடிச்சு.

"தலை எங்கங்க?" என்று கேட்டார் அவர்.

"தலை அடுத்த ரயில்ல வருது," என்றாள் இட்சுகி அம்மா.

குளமே குலுங்கியது. ஷிகேமட்சுவும் சிரித்து வைத்தார். இன்னும் ஒரே ஒரு தடவை. ஹனாதா பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "நான் வேணா முங்கட்டுமா, மினோரி அப்பா?"

"வேணாம் டீச்சர். நானே போறேன். எண்ணுங்க."

மூன்று என்ற சத்தம் கேட்டபோது அவர் காதுக்குள் தண்ணீர் இருந்தது. போய்விட்டார், முழுசாக. கண்ணையும் திறந்துவிட்டார். எதிரில் மினோரி கன்னத்தை உப்பிக்கொண்டு தன்னையே பார்ப்பது தெரிந்தது. ஒரு கணம் அவருக்குப் பயமே இல்லை. அந்தக் கணம்தான் காமிராவின் நெற்றியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

சிவப்பு! பதினாலு வருஷப் பழக்கம் தண்ணீர் என்று பார்க்குமா? இடது கை பிள்ளையை அணைத்துக்கொண்டது, வலது கை நீண்டது, வாய் திறந்தது. "நில்!" என்றார் குளத்தின் அடியில். உள்ளே இருந்த சொல் வெளியே போனது, வெளியே இருந்த குளம் உள்ளே வந்தது.

தூக்கி நிறுத்தி, முதுகில் தட்ட ஆளாளுக்கு ஓடி வந்தார்கள். மினோரியை ஹனாதா வாங்கிக்கொண்டாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய, இருமலுக்கு நடுவே அவர் சொன்னார். "சிவப்பு... எரிஞ்சுது."

"அது காமிரா லைட்டுங்க."

"சிவப்புன்னா நிக்கணும்."

"ஆண்டவா, இந்த ரயில்ல நான் தைரியமா ஏறுவேன்," என்று இட்சுகி அம்மா சொன்னாள். இந்தத் தடவை அவள் கேலி செய்யவில்லை.

திரையில் படம் வந்தது. கண் பிதுங்கி, கன்னம் ஒரு பக்கமாகக் கோணி, வாயிலிருந்து குமிழிகள் கொத்தாகக் கிளம்ப, காமிராவைப் பார்த்து விரல் நீட்டி ஒரு மனிதர். அவர் கையணைப்பில் மினோரி நிதானமாக அந்த விரலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வரையில் அது அருமையான படம். ஹனாதா தயங்கினாள்.

"பாப்பா ரொம்ப அழகா வந்திருக்கா. உங்கள மட்டும்... வேணும்னா வெட்டிக் குடுக்கச் சொல்லட்டுமா?"

"வேணாம். இப்படியே நூத்தியிருவது."

"மூஞ்சி இப்படி இருக்கே?"

"மூஞ்சி இருக்குல்ல?" என்றார் ஷிகேமட்சு.

மணி அடித்தது. தாய்மார்கள் பிள்ளைகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியேறிப் போனார்கள். அவரும் மினோரியை வாங்கக் கை நீட்டினார். என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். "டீச்சர், ஒரு நிமிஷம் பிடிச்சுக்குங்க," என்றவர் தண்ணீருக்குள் போய்விட்டார். அப்பாவின் தலை இருந்த இடத்தில் வெறும் வளையம் வளையமாகத் தண்ணீர் விரிவதை மினோரி பார்த்தாள். கீழுதடு பிதுங்க ஆரம்பித்தது. அழுகை வெளியே வருமுன் அவர் எழுந்துவிட்டார், தொப்பி நழுவி, முடியெல்லாம் கண்ணில் ஒட்டி, மூக்கு ஒழுக.

மினோரி ஒரு நொடி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு இருந்த இரண்டு பல்லும் தெரியக் கெக்கலித்துச் சிரித்தாள்.

ஷிகேமட்சு முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு மறுபடியும் முழுகினார்.