மாப்பிள்ளை தந்த பனை

நாலு பேரைக் கேட்காமல் துல்கர்னைன் குடையைக்கூட விரிக்க மாட்டார். தென்காசிக் கடைத்தெருவில் சாரல் தலையில் விழும். "விரிக்கலாமா அண்ணாச்சி?" என்பார். விரி என்றால் விரிப்பார், அடுத்த கடைக்காரர் "இதுக்குப் போயா குடை?" என்றால் மடக்கிவிடுவார். இந்த மனுஷன் கைலிக் கடையை எப்படி நடத்துகிறார் என்கிறீர்களா? மனைவி ஹைருன் பீவி வீட்டுக்குள்ளிருந்தே நடத்துகிறார்.

நயா பைசா வந்து ஊரே கணக்கில் முழித்த வருஷம், இவர் முழித்ததற்குக் காரணம் வேறு. கொல்லத்தில் வியாபாரம் செய்யும் மாப்பிள்ளை மசூது, நோன்புப் பெருநாளுக்கு வந்தபோது தொட்டியில் ஒரு குட்டிப் பனையைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்துவிட்டுப் போனார். மறுநாளே வீட்டுப் பூனை வெள்ளச்சி அதன் நுனியைத் தின்று வாந்தி எடுத்தது. அதுவும் வயிற்றில் குட்டியோடு! பிள்ளை மாதிரி வளர்த்த ஜீவன். துல்கர்னைனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

டீக்கடை ஆவுடைநாயகம் செங்கோட்டைப் பக்கத்து ஆள். செடியைப் பார்த்ததும் பதறிவிட்டார். "இது ஈந்துப் பனைல்லா! வெசம்வே! மலையாளத்துல இதுக்க காயை நாள்கணக்குல தண்ணியில ஊறப்போட்டு, வெசத்தை எறக்கிட்டுத்தான் மாவாக்குவாங்க."

குற்றாலத்துப் பங்களாத் தோட்டக்காரர் ஞானதுரை சிரித்தார். "எவன் சொன்னான்? இது சும்மா அலங்காரப் பனை. பூனை புல்லைத் தின்னாலும் கக்கத்தான் செய்யும். ஒண்ணும் ஆவாது மொதலாளி."

மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர், "தின்னது பசுவா, எருமையா?" என்றார். பூனை என்றதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

தூக்கி எறிய வேண்டியதுதானே என்பீர்கள். மாப்பிள்ளை ஆசையாகத் தந்ததை எறிந்துவிட்டு மகள் முகத்தில் எப்படி விழிப்பது? பூனையை எங்காவது கொண்டு விடவும் மனசு கேட்கவில்லை. யோசித்து யோசித்துக் குழம்பினார். "காய்க்கு எறங்குத வெசம் எலைக்கு எறங்காதா?" என்று தொட்டியோடு சுமந்துபோய்ச் சிற்றாற்றில் இறக்கிவிட்டு, பொழுது சாயும்வரை கரையில் காவல் இருந்தார்.

ஹைருன் பீவி தலையில் அடித்துக்கொண்டார். "செடியைக் குளிப்பாட்டக் கூட்டிட்டுப் போன மனுசனை இங்கனதான் பாக்குதேன்!"

ஊறிய பனை தளதளவென்று வளர்ந்தது. வெள்ளச்சிக்கு அது முன்னைவிடப் பிடித்துப்போயிற்று. விரட்டி விரட்டி துல்கர்னைன் இளைத்துவிட்டார்.

குற்றால சீசனுக்கு மாப்பிள்ளை வந்து இறங்கினார். "அடடே, செடி நல்லா வந்திருக்கே மாமா! நுனியெல்லாம் கடிச்ச மாதிரி இருக்கு. பூனையா? அதுக்கு ஏதும் செய்யாதுல்லா?"

"ஒண்ணும் செய்யாது மாப்ளே. நீங்க தந்ததுல்லா!" என்றார் துல்கர்னைன்.

அந்த நேரம் பார்த்து வெள்ளச்சி வந்து ஒரு நுனியைக் கடித்து இழுத்தது. மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். துல்கர்னைன் சிரித்துக்கொண்டே குனிந்தார். பூனையின் வாயிலிருந்து இலையை உருவினார். அதைத் தன் வாயில் போட்டு மென்றார்.