பீலிக்கரையில் சொன்ன சொல்

பாப்பம்மாவுக்கு வயிற்றெரிச்சல் அடுப்பு மாதிரி. தினமும் மூட்டாவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. இரத்தோட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசையில் அவளுக்குச் சுவர் ஒட்டிய அடுத்த காம்பராக்காரி நான். எனக்குத் தெரியாதா? எரிச்சலெல்லாம் ஓரகத்தி அழகாயி மேல்தான். அழகாயி கொழுந்து கூடப் பறித்தால் எரியும், புதுச் சேலை கட்டினால் எரியும். அந்த மகராசியோ "அக்கா, அக்கா" என்று இவள் பின்னாலேயே வருவாள்.

ஒன்றில் மட்டும் பாப்பம்மாவை யாரும் மிஞ்ச முடியாது. மாரியம்மன் திருவிழாவில் அம்மனுக்கு முதல் பால் குடம் அவளுடையதுதான். அந்தக் குடம் போனால் அவளுக்கு உயிரே போன மாதிரி.

ரஷ்யாவில் அணு உலை வெடித்த அடுத்த வருடம், வெளிநாட்டிலிருந்து வரும் டின் பால்மாவில் அந்த விஷம் கலந்து வருகிறது என்று பேச்சுக் கிளம்பியது. அங்கே எவனோ கை தவறினதற்கு இங்கே நாங்கள் தேத்தண்ணீருக்குப் பயந்தோம். சோதித்தாயிற்று, பயமில்லை என்றது ரேடியோ. யார் நம்பினார்கள்?

"எண்பத்து மூணு கலவரத்துல மாத்தளை எரிஞ்சப்பவும் பயமில்லன்னுதான் சொன்னாங்க" என்றார் கோயில் தலைவர் செல்லச்சாமி.

தோட்டமே மாட்டுப் பாலுக்கு ஓடியது. ஓடியது அழகாயி வாசலுக்கு. அவள் மாடு அப்போதுதான் கன்று போட்டிருந்தது. பாப்பம்மாவின் மாடோ வற்றிக்கொண்டு வந்தது. செல்லச்சாமியும், "இந்த வருசம் மொதக் குடம் அழகாயி எடுக்கட்டும்" என்றுவிட்டார்.

பற்றிக்கொண்டது பாப்பம்மாவுக்கு. மறுநாள் மலை ஊற்று விழும் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "ஒரு மாடு இவ்வளவு கறக்குமாடி? பால்மாவக் கரைச்சு ஊத்துறா. கண்ணால பாத்தேன்."

பச்சைப் பொய். இரண்டு மாடும் ஒரே பட்டியில்தான் நின்றன. அழகாயி கறப்பதைத் தினமும் பொருமிக்கொண்டு பார்த்தவளே இவள்தான்.

அழகாயி வாசல் வெறிச்சோடியது. இனி எல்லாரும் தன்னிடம் வருவார்கள் என்று பாப்பம்மா இருக்கிற பாலோடு காத்திருந்தாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

"ஒரே பட்டி, ஒரே குடும்பம். அவ கலந்தா இவ கலக்க மாட்டாளா?" என்றது சனம். செல்லச்சாமி வந்து, "இந்த வருசம் அம்மனுக்குப் பாலே வேணாம், எளநி போதும்" என்று முடித்துவிட்டார்.

அழகாயி அழுதுகொண்டு வந்தாள். "நீங்க சொல்லித்தானேக்கா ஊரு நம்புச்சு. இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. எம் பால நீங்களே மொதக் குடமாத் தூக்குங்க."

பாப்பம்மா யோசித்தாள். இரக்கத்தில் இல்லை, அம்மன் சத்தியமாக இல்லை. பால் யாருடையதானால் என்ன, சுமக்கிற தலை தன்னுடையது.

மறுநாள் பீலிக்கரையில் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள்: "அழகாயி பாலு சுத்தம்டி! நாந்தான் வயித்தெரிச்சல்ல பொய் சொன்னேன்!"

குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்த கீழ் லயத்து இலட்சுமி சிரித்தாள்.

"ரேடியோவும் பயமில்லன்னுதானேக்கா சொல்லுது."