எஸ்தர் சேர்க்காமல் விட்ட சாட்சி

போன மாதம் ஒரு காலையில் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது வண்டன்மேட்டிலிருந்து டேவிட் அழைத்தான். எஸ்தரின் தம்பி. "கிளாஸ்ல இருக்கீங்களாண்ணே" என்று கேட்டுவிட்டுத்தான் எப்போதும் பேச ஆரம்பிப்பான். அன்று கேட்கவில்லை. "அக்கா போயிருச்சுண்ணே" என்றான். வேலைக்குக் கிளம்பியவள் பஸ் நிறுத்தத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தொரு வயது. எனக்கும் அதே வயதுதான்.

ஒப்பிலக்கிய முதுகலையில் எங்களோடு படித்தவர்களுக்கு அவளைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் உங்களில் யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதில் குற்றவாளி நான். அதை மறைத்துவிட்டு அவளைப் புகழ்ந்து நாலு பத்தி எழுதினால், அவளே எழுந்து வந்து அடிக்குறிப்பு போட்டுவிடுவாள்.

முதல் நாள் வகுப்பு உங்களுக்கும் நினைவிருக்கும். எந்த இரண்டு இலக்கியங்களை ஒப்பிடப் போகிறீர்கள் என்று பேராசிரியர் ஒவ்வொருவராகக் கேட்டார். நாங்கள் எல்லோரும் பெரிய பெரிய நாவல்களாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். எஸ்தர் எழுந்து, "எங்க எஸ்டேட்ல ரெண்டு ஜெபக்கூட்டம் நடக்கு சார். ஒண்ணு தமிழ், ஒண்ணு மலையாளம். ரெண்டுலயும் பொம்பளைங்க எந்திரிச்சு சாட்சி சொல்லுவாங்க. அத ஒப்பிட்டுப் பாக்கணும்" என்றாள். ஆண்டவர் தன் வாழ்க்கையில் செய்ததைச் சபையின் முன் நின்று சொல்வதுதான் சாட்சி. "அது இலக்கியமாம்மா?" என்றார் பேராசிரியர். "ஒரு தடவ வந்து கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க சார்." முதுகலை முடிந்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோதும் அவள் தலைப்பு மாறவில்லை.

ஒருமுறை மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பால் கறந்துவிட்டு வந்த என் அம்மா, "ஏங்கண்ணு, ரெண்டு பேரும் அப்படி என்னதான் படிக்கறீங்க?" என்று கேட்டாள். "ரெண்டு பாஷைல சொன்னத பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாப்போம்மா." "பாத்துப்போட்டு?" எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தாள். "அதத்தாம்மா எங்க சாரும் கேக்காரு."

ஆய்வுக்காக அவளோடு நானும் எஸ்டேட்டுக்குப் போனேன். அவள் போன் கெட்டுப்போயிருந்ததால் என் போனில் பதிவு செய்தோம். தமிழ்க் கூட்டத்தில் பத்துப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். கடைசியாக எழுந்தவர் அவளுடைய அம்மா ஞானம்மாள். வாழ்நாள் முழுக்க ஏலக்காய் எடுத்த கைகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி அரைமணி நேரம் பேசினார். முடித்துவிட்டு என்னிடம் வந்து, "தம்பி, நா சொன்னதெல்லாம் பிடிச்சிருச்சா?" என்றார். "பிடிச்சிருச்சுங்கம்மா" என்றேன்.

தட்டச்சு செய்து தருகிறேன் என்று நானேதான் முன்வந்தேன். பெண்கள் நாலு வரிக்கு ஒருமுறை 'ஸ்தோத்திரம்' என்றார்கள். பேச்சுக்கு நடுவே வரும் இருமல் மாதிரிதான் அது எனக்குப் பட்டது. அத்தனையையும் நீக்கினேன். பாதியில் நின்ற வாக்கியங்களை ஒட்டவைத்தேன். படிக்க வழவழவென்று வந்தது. எனக்கே பெருமையாக இருந்தது. அந்த வாரம் மாமா பையன் கல்யாணம். வீடியோ எடுக்கப் போனில் இடமில்லை. தட்டச்சுதான் முடிந்துவிட்டதே என்று பத்துப் பதிவுகளையும் அழித்தேன்.

தாள்களைக் கொடுத்தபோது எஸ்தர் கடைசிவரை படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "ஸ்தோத்திரம் எல்லாம் எங்கேப்பா?" என்றாள். நான் விளக்கம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "மலையாளக் கூட்டத்துல நல்லது நடந்தத சொல்லி முடிச்சுட்டு ஸ்தோத்திரம்பாங்க. எங்க ஆளுங்க அப்பிடி இல்ல. சொல்ல முடியாத எடம் வந்தா ஸ்தோத்திரம்னு சொல்லிட்டு அதத் தாண்டிப் போயிருவாங்க. நா எழுதப்போறதே அதத்தான்." பதிவுகளைக் கேட்டாள். போன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

ஒன்பது பெண்கள் அவளுக்காக மறுபடியும் பேசினார்கள். ஞானம்மாள் பேசவில்லை. நாங்கள் திரும்பப் போவதற்குள் அந்த மழைக்காலத்தில் அவர் இறந்துவிட்டார்.

"அம்மா எங்கெங்க நிறுத்துவாங்கன்னு உனக்குத்தான் தெரியுமில்ல. நீயே போட்டுக்கோ" என்று ஒருநாள் சொன்னேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்! "எனக்குத் தெரியும். ஆனா நா போட்டா அது என் சாட்சியாயிரும்பா, அம்மாவோடது ஆகாது" என்று அந்தத் தாள்களை என்னிடமே திருப்பித் தந்தாள். ஆய்வேடு ஒன்பது சாட்சிகளோடு போனது. வாய்மொழித் தேர்வில், "உங்க அம்மாவும் சாட்சி சொல்வாங்கன்னு எழுதியிருக்கீங்க. அது ஏன் இல்லை?" என்று கேட்டார்கள். "கிடைக்கல சார்" என்றாள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என்னை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். இந்த முறை சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே மலை ஏறுவேன், சொல்லாமல் இறங்குவேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் டேவிட் என்னிடம், "அண்ணே, அம்மா சாட்சிய நீங்க பிடிச்சீங்கல்ல. கொரல் இருக்கா?" என்று கேட்டான். இனியும் பொய் சொல்ல முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். "அக்காட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேண்ணே" என்றான். அவனே, "எழுதுனதாச்சும் இருக்கா?" என்றான். அந்தத் தாள்களைப் பையில் கொண்டுபோயிருந்தேன். "வாசிங்க" என்றான்.

எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து வாசித்தேன். மூன்றாவது வரியில் டேவிட் மெதுவாக, "ஸ்தோத்திரம்" என்றான். ஞானம்மாளின் தங்கை சுவரோரம் உட்கார்ந்திருந்தார். அக்காவோடு ஒரே ஏலக்காட்டில் காய் எடுத்தவர். அவரும் சேர்ந்துகொண்டார். இடம் தவறினால் ஒருவரை ஒருவர் திருத்தினார்கள். டேவிட் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தான். "அந்த வருஷம் பெருமழை. மூத்தவனுக்குக் காய்ச்சல் கண்டது. பிறகு எஸ்தர் பிறந்தாள்" என்று வாசித்தேன். காய்ச்சலுக்கும் பிறப்புக்கும் நடுவே இரண்டு பேரும் ஒரே நேரத்தில், "ஸ்தோத்திரம்" என்றார்கள். சித்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் மேலே வாசிக்கவில்லை. தட்டச்சு செய்தபோது அந்த 'மூத்தவன்' யாரென்று நான் யோசிக்கவே இல்லை. எஸ்தருக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது இருபது வருட நட்பில் எனக்குத் தெரியாது.

எஸ்தர் இந்தப் பிரதியை எந்த ஆய்விலும் சேர்த்திருக்க மாட்டாள். தம்பியும் சித்தியும் நினைவிலிருந்து போட்டது எப்படி அம்மாவுடையதாகும் என்று கேட்டிருப்பாள். கேட்பது நியாயம்தான். புறப்படும்போது டேவிட் தாள்களை என்னிடமே தந்தான். எஸ்தரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அவள் அம்மா சொல்லாத, நானாகச் சேர்த்த அந்தப் 'பிறகு' என்ற சொல்லை டேவிட் பென்சிலால் அடித்திருக்கிறான்.