மு ஒரு எழுத்துதான்

கம்ப்யூட்டருக்குத் தமிழ் எழுத்தை எண்ணத் தெரியாது. இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. சரி, கோபத்தில்தான் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் கிளப் ஒன்று உண்டு. அதற்கு ஒரு வெப்சைட். ஒருவரே கட்டியதல்ல, மாணவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதிச் சேர்த்தது. நாம் எழுதியதை அனுப்பினால் முதலில் அதைச் சரிபார்க்கிற ஒரு செக் தானாக ஓடும். பச்சை டிக் விழுந்தால், சைட்டைப் பார்த்துக்கொள்கிற ஃபைனல் இயர் அண்ணா ஓகே சொல்லி உள்ளே சேர்ப்பார். சிவப்பு விழுந்தால் திருத்திக்கொண்டு வா என்று அர்த்தம். நான் அப்போது செகண்ட் இயர். அந்த வருஷ சிம்போசியத்துக்காக உறுப்பினர்கள் பக்கத்தைப் புதிதாகப் போட்டார்கள். போட்டோ, இங்கிலீஷில் பெயர், விருப்பமிருந்தால் தமிழிலும் பெயர், இனிஷியலுக்குத் தனிப் பெட்டி. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு லைவ். அதற்கப்புறம் அடுத்த வருஷம் வரைக்கும் அந்தப் பக்கத்தை யாரும் தொட மாட்டார்கள்.

தமிழ்ப் பெட்டியை நிரப்பியது நான் ஒருத்திதான். இனிஷியல் 'மு' என்று போட்டு அனுப்பினேன். சிவப்பு. 'இனிஷியல் ஒரே எழுத்தாக இருக்க வேண்டும்' என்று கீழே ஒரு வரி வேறு. அடேங்கப்பா! ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்கள், மு எத்தனை எழுத்து என்று. தோண்டிப் பார்த்தால் விஷயம் இதுதான்: மு என்பதைக் கம்ப்யூட்டர் இரண்டு துண்டாக வைத்திருக்கிறது. ம ஒன்று, உகரத்துக்கான குறி ஒன்று. செக்கை எழுதியவர் துண்டுகளை எண்ணியிருக்கிறார், எழுத்தை எண்ணவில்லை.

எழுதியவர் அந்த அண்ணாவேதான். அவருக்கு மெசேஜ் போட்டேன். "இங்கிலீஷ்ல M போட்டுடும்மா, டைம் இல்ல" என்று பதில் வந்தது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் ஊர் வையம்பட்டி ஸ்கூலுக்குப் போக வேண்டும். நான் ஒன்றாம் வகுப்பில் சேர்வதற்கு முன்பே அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். அம்மா மில் வேலைக்குப் போய் என்னை வளர்த்தாள். ஸ்கூலில் சேர்க்கப் போனபோது, "அப்பா இனிஷியல் போடறதுதான் வழக்கம்" என்றாராம் ஹெட்மாஸ்டர். "வழக்கமா இவளுக்குச் சோறு போடறது நான்தான் சார்" என்றாளாம் அம்மா. அவர் சமாதானமாக, "ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ்ல எம்தானேம்மா, இதுல என்ன சண்டை?" என்றாராம். "அப்ப தமிழ்ல எழுதுங்க." அவர் எழுதி முடிக்கும்வரை அம்மா சேரை விட்டு எழுந்திருக்கவில்லை. போனவருக்கு மா. அம்மாவுக்கு மு.

நான் M என்று போட்டால் ஊரே அதை அப்பா பெயர் என்றுதான் படிக்கும். அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கவும் தெரியாது. விட்டுப் போனவருக்கு என் பெயரின் வாசலில் இடம் கொடுக்க எனக்கென்ன தலையெழுத்து?

"எழுத்து சரிதான் ண்ணா, செக்தான் தப்பு" என்று பதில் போட்டேன். செக்கை நானே திருத்தி அனுப்பியும் வைத்தேன். அதை உள்ளே சேர்க்க அவர் ஓகே சொல்ல வேண்டும். மெசேஜைப் படித்துவிட்டதாக இரண்டு நீல டிக் விழுந்தது. பதிலைக் காணோம். வெள்ளிக்கிழமை முழுக்கக் காணோம்.

சனிக்கிழமை காலையில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு கே.கே. நகர் ஹாஸ்டலிலிருந்து கிளம்பினேன். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம். அண்ணாவின் வீடு, கிளப் மீட்டிங்குக்கு ஒருமுறை வந்ததுதான், சித்திரை வீதியில். கதவைத் திறந்தது அண்ணாவின் அப்பா. "உள்ள வாம்மா. தீர்த்தம் சாப்பிடறியா?" என்று கேட்டுவிட்டு, உள்ளே பார்த்துப் பையனைக் கூப்பிட்டார்.

அண்ணா என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏம்மா, ஒரு இனிஷியலுக்கா இவ்ளோ தூரம் வந்த?"

"ஆமா."

"இதுவரைக்கும் யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலயே?"

"யாரும் தமிழ்ல போடல ண்ணா."

"இன்னிக்குப் போய்ப் புது புரோகிராமை உள்ள விட்டு, சைட் படுத்துடுச்சுன்னா என் தலைதான் உருளும். அடுத்த வருஷம் நீயே பாத்துக்கோ. இப்ப M போடு."

அவர் பயமும் நியாயம்தான். ஆனால் என் நியாயம் பெரியது. கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் சேர் கிடந்தது. உட்கார்ந்தேன். லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"உங்க இனிஷியல் என்ன ண்ணா?"

"S."

"தமிழ்ல?"

கொஞ்சம் யோசித்தார். பாவம், அதுவரை எழுதிப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. "ஸ்ரீ" என்றார்.

அவருடைய செக்கிலேயே போட்டேன். சிவப்பு. எத்தனை என்று எண்ணச் சொன்னேன். திரையில் 4 என்று வந்தது. லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். "எங்க அம்மா ரெண்டு எழுத்துதான் ண்ணா. உங்க அப்பா நாலு."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கினார். "என்னது, ஸ்ரீ நாலு எழுத்தா? ஊர் பேர்லயே இருக்கே! எந்த அசடு அப்படி எண்ணித்து?"

அண்ணா முகத்தில் ஈயாடவில்லை. அந்த அசடு யார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல நாக்கு துறுதுறுவென்றுதான் இருந்தது.

"சரி, உன்னோடதை ஓட்டு" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். என் செக்கை ஓட்டினேன். மு, ஒன்று. நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்து ஸ்ரீ. இரண்டு.

"இப்ப உன்னோடதும் தப்பு" என்று அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! எனக்கு அசடு வழிந்தது. என் திருத்தம் ஸ் தனி, ரீ தனி என்று பிரித்துவிட்டது. மு சரியாக இருந்தால் போதும் என்று நான் வேறு எதையும் சோதிக்கவில்லை. ஆத்திரமாக வந்தது, இந்தத் தடவை என் மேலேயே. M போதும் என்று அவர் சொன்னதற்கும், மு போதும் என்று நான் விட்டதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஸ்ரீக்கென்று தனியாக ஒரு வரி எழுதினேன். அப்புறம் உட்கார்ந்து கௌ, தெ, க்ஷ என்று தோன்றியதையெல்லாம் போட்டுப் பார்த்தோம். க்ஷவும் முரண்டு பிடித்தது, அதற்கும் ஒரு வரி. அண்ணா குறை கண்டுபிடிக்க, நான் திருத்த, மத்தியானச் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. கடைசியில் எல்லாம் பச்சை. அண்ணா தன் தமிழ்ப் பெட்டியையும் நிரப்பினார். "ஒண்ணுன்னு ஒத்துண்டுதா?" என்று அவர் அப்பா எட்டிப் பார்த்தார்.

மூன்று மணிவாக்கில் அண்ணா ஓகே அழுத்தினார். ஐந்து மணி வரை காத்திருக்கவில்லை, அப்போதே ஏற்றிவிட்டார். சைட் படுக்கவில்லை. பக்கத்தைத் திறந்தோம். என் போட்டோவுக்குக் கீழே, என் பெயருக்கு முன்னால், மு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாருக்கும் காட்டாமல் பையை மூடினேன்.

பஸ் ஸ்டாப்பில் நின்று அம்மாவுக்கு லிங்கை அனுப்பினேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் கூப்பிட்டாள்.

"பார்த்தேன்டி. மு போட்டிருக்கு."

"ம்."

"யாராச்சும் மாத்தச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"நீ என்ன பண்ணின?"

"அவங்க மாத்துற வரைக்கும் சேரை விட்டு எந்திரிக்கலம்மா."

அம்மா, "பின்ன?" என்றாள்.