கீழ்வீட்டுப் பூஜைக்குத் துருவிய தேங்காய்

கல்கத்தாவின் பெஹாலா பகுதியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு பெங்காலி அம்மா தனியாக இருக்கிறார். கணவர் இறந்துவிட்டார், மகன் வெளியூரில். நான் அவரை மாஷிமா என்று கூப்பிடுவேன், பெரியம்மா என்பதுபோல. அவர் என்னை பௌமா என்பார், மருமகளே என்பதுபோல. எங்கள் பேச்செல்லாம் பெங்காலியில்தான். என்னுடையது மீன் சந்தையில் கற்ற பெங்காலி.

நாங்கள் குடிவந்த வருஷம், துர்கா பூஜை முடிந்து சில நாளில் வரும் லட்சுமி பூஜைக்கு, படைத்த கிச்சடியும் தேங்காய் உருண்டையும் தட்டில் கொண்டு வந்தார். எங்கள் கிறிஸ்தவ சபையில் படைத்ததைச் சாப்பிட மாட்டோம். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கவும் கை நீளவில்லை. அப்படியே வாசலில் நின்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டோடு திரும்பிப் போய்விட்டார். கோபம் என்றுதான் நினைத்தேன். அடுத்த வருஷம் ஒரு டிபன் டப்பாவோடு வந்தார்.

"இது வேற பாத்திரத்துல, வேற அடுப்புல செஞ்சது. லட்சுமி இதைப் பார்க்கக்கூட இல்லை. பயப்படாம சாப்பிடு."

அதன்பிறகு ஒவ்வொரு பூஜைக்கும் அப்படித்தான். நாள் முழுக்க விரதம் இருந்துகொண்டு, எனக்காக இன்னொரு பாத்திரமும் ஏற்றுவார்.

போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். சமையல்காரப் பெண் ஊருக்குப் போயிருந்தாள். பூஜையன்று காலையில் படியேறி வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பௌமா, கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்தப் பூஜை ஒரு வருஷம்கூட நின்னதில்லை. தேங்காய் மட்டும் துருவித் தருவியா?"

நான் கையிலிருந்த துணியை மடித்துக்கொண்டே நின்றேன். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில்தான் ஜெபக்கூட்டம். ஜெபக்கூட்டத்தை நடத்தும் அக்கா இந்த விஷயங்களில் கண்டிப்பானவர். படையலுக்குத் தேங்காய் துருவுவது அந்தப் பூஜையில் சேருவதாகாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

"தப்பா கேட்டுட்டேனோ?" என்று மாஷிமா எழுந்தார். வலப்பக்கம் இருந்த கைப்பிடியைப் பிடிக்க முடியாமல், சுவரோடு தோளை உரசிக்கொண்டு இறங்கினார்.

துறைமுகத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் கணவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நீ சாமி கும்பிடவா போற? தேங்கா துருவத்தான கூப்பிடுதாவ."

"அக்கா கேட்டா?"

"கேட்டா சொல்லு. ஒனக்கு வாய் இல்லியா?"

இல்லை என்பது அவருக்கே தெரியும்.

வேலைகளை முடித்துவிட்டு முழங்கால் போட்டேன். என் விசுவாசத்துக்காக இத்தனை வருஷம் இன்னொரு அடுப்பு பற்றவைத்தது அந்த அம்மாதான். என்னை வணங்கச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இன்று கேட்பது ஒரு ஜோடிக் கை. "ஆண்டவரே, போகிறேன். தப்பென்றால் அங்கேயே தடுத்துவிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

மாஷிமா தேங்காயை என் பக்கம் நகர்த்தி வைத்தார். துருவினேன். வெல்லப்பாகில் கிளறி, சூட்டோடு உருட்டச் சொன்னார்.

"பௌமா, இது உருண்டையா, கல்லா? லட்சுமிக்குப் பல்லு போயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலிலிருந்து உள்ளே வரை அரிசி மாவில் லட்சுமியின் பாதங்கள் வரைய வேண்டியிருந்தது. மாவுக் கிண்ணத்தைப் பார்த்தேன். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது உனக்கு வேண்டாம். நான் இடது கையால கிறுக்கிக்கறேன்."

நான் எங்கே நின்றுவிட வேண்டும் என்பதை நான் சொல்லும் முன்பே அவர் அறிந்திருந்தார்.

அப்போதுதான் திறந்திருந்த வாசலில் அக்கா நின்றார். கூட்டத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். என் கையெல்லாம் தேங்காய். எதிரே, பூ சாத்திய லட்சுமி.

"நீ இங்க என்ன செய்யுத?"

"இவங்களுக்குக் கை ஒடஞ்சிருக்கு அக்கா. ஆள் இல்ல."

"அதுக்கு?"

"நான் இருக்கேன்லா."

இவ்வளவு பேசியதே எனக்கு ஆச்சரியம். அக்கா மாடியேறினார். "போ, உன் ஆட்கள் வர்றாங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்று மாஷிமாவும் அனுப்பிவைத்தார்.

ஜெபம் நடக்கும்போது கீழேயிருந்து சங்கு ஊதும் சத்தம் கேட்டது. பூஜை நிற்கவில்லை. ஒருவர்பின் ஒருவராக ஜெபித்து என் முறை வந்தபோது, வழக்கமாக மனசுக்குள் சொல்லும் நான், "கீழ்வீட்டு அம்மாவோட கை சீக்கிரம் சேரணும் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னேன். எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அக்காவின் ஆமென் கொஞ்சம் தாமதமாக வந்தது.

செருப்பு போடும்போது அக்கா என்னைத் தனியாக நிறுத்தினார்.

"நீ செஞ்சது எனக்குச் சரியாப் படல. ஒளிச்சுப் பேச எனக்குத் தெரியாது."

"சரி அக்கா."

"அந்தம்மாவுக்கு நாளைக்குச் சாப்பாடு யாரு பொங்குவா?"

"நான்தான்."

"மறுநாளு நான் கொண்டாரேன். மீன் குழம்பு வச்சிரவா?"

"அவங்க மீன் தொடமாட்டாங்க அக்கா. அவங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து சைவம்."

"கல்கத்தாவுல மீன் திங்காத ஒரு ஆளு, அதுவும் ஒன் வீட்டுக்குக் கீழயா!" என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். கீழே மாஷிமாவின் வாசலில் கோணல்மாணலாகக் கிடந்த மாவுப் பாதங்களை மிதித்துவிடாமல், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கிப் போனார்.